கல்லில் உள்ளபடி

வாரத்தில் ஐந்தரை நாள்
சுங்கை தெம்பாகா செம்பனை ஆலையில்
லோரி எடை எழுதுகிறேன்.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்தால் குலை.
சனிக்கிழமை பின்நேரம்
சந்தியாகப்பர் கோயிலுக்குப் பின்னால்
கல் எழுதுகிறேன்.

பங்குப் பேரவை கொடுத்த தாளில் ஆறு கட்டம்:
வரிசை, எண், பெயர், தேதி, வாசகம், நிலை.
நவம்பர் இரண்டுக்குள் முடிய வேண்டும்.
சாலையை அகலமாக்க வந்தவர்கள்
வேலியோரம் சிவப்பு முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்;
அதில் ஒன்று
இரண்டாம் வரிசைக்காரர் ஒருவரின்
கால்மாட்டில் நிற்கிறது.

கிளாரா, என் தம்பி மனைவி,
உடைந்த அலமாரியின் கண்ணாடியைச் சுமந்து வருவாள்.
மாவு பூசக் கூடாது. கம்பி பிரஷ் கூடாது.
தண்ணீர், மூங்கில் குச்சி, மீண்டும் தண்ணீர்.
நாலரை மணி வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக்
கல்லின் விலாவில் சாய்த்தால்
இல்லாத எழுத்து எழுந்து நிற்கும்.
சற்று விலகினால் படுத்துவிடும்.
"அசையாதே" என்பேன்.
"கொசுவிடம் சொல்" என்பாள்.

துரையின் பளிங்கைச் சுற்றி இன்னும் இரும்புச் சங்கிலி.
மற்றவர்களுக்குச் சிமெண்டு,
ஈரம் காயுமுன் ஆணியால் கீறியது.
சவரியாய் என்பவருக்குப் பிறந்த தேதி இருக்கிறது,
இறந்த தேதி இருக்கவேண்டிய இடத்தில்
'சயாம் போனது'.
தேதிக் கட்டத்தில் அதையே எழுதினேன்.
மரச்சிலுவைகள் கரையானுக்குப் போயின;
லாலான் புல்லுக்குள் மண் உள்வாங்கிய இடங்களுக்கும்
ஆளுக்கோர் எண் கொடுத்தோம்.

நான்காம் வரிசை, பதினொன்று.
கருங்கல். பாசிக்கு மட்டும் மூன்று வாளி.

    பாக்கியம்
    மரியந்தோணி பெண்சாதி
    வயது இருபத்தாறு
    1931 மார்ச்சு 9
    மீதி ஏழு வெள்ளி சம்பளத்தன்று

கிளாரா கண்ணாடியைப் புல்லில் வைத்தாள்.
சிரித்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்,
மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

கல்லின் அடியோரம் மூன்று சீன எழுத்து, தச்சரின் கடைப்பெயர்.
தமிழ் அவருக்குப் படம்.
தாளில் இருந்த படத்தை முழுதாக வரைந்திருக்கிறார்.
ஒரு சுழி விடவில்லை.
'ழு'வின் வால் என்ன அழகு!
மரியந்தோணிக்குக் கைநாட்டாக இருந்திருக்கும்.
அப்படியென்றால் தாளில் எழுதியது யார்?
ஆபீஸ் கிராணி.
என்னைப் போல் எவனோ ஒருவன்
பெயரும் தேதியும் எழுதி,
தச்சருக்கு ஒரு வார்த்தையும் கீழே எழுதி,
இடையில் ஒரு கோடு போட மறந்தவன்.

கல் நட்ட அன்று அவனும் வந்திருப்பான்.
தொப்பி கையில்.
எல்லாரும் எழுத்தைத் தொட்டுத் தொட்டு அழுதபோது
அவன் ஒருவன் படித்திருப்பான்.
ஏழு வெள்ளி என்றால்
அன்றைக்குப் பதினெட்டு நாள் பால்வெட்டு;
கணக்கைக் கை தானாகப் போட்டது.
இன்னொரு கல்லுக்கு யார் கொடுப்பார்?
சும்மா இருந்திருக்கிறான்.
தொண்ணூறு வருடத்துக்கு மேல்
கல்லும் சும்மா இருந்திருக்கிறது.

"கடைசி வரியை விட்டுவிடுங்கள் மச்சான்" என்றாள்.
"புத்தகமாகப் போடப் போகிறார்கள்.
கடன் சீட்டோடு அவள் அதில் நிற்க வேண்டுமா?"

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஆலையில் டிரைவர்கள் கேட்பதுண்டு:
'நாற்பது கிலோ கூட்டிப் போடுண்ணே.'
ஒருமுறை போட்டிருக்கிறேன்.
யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த லோரி நம்பர்
இன்றும் மனப்பாடம்.

வாசகம்: ஐந்து வரி, உள்ளபடி.
நிலை: நன்று.
குறிப்புக்கென்று கட்டம் இல்லை.
தாளைத் திருப்பிப் பென்சிலில் எழுதினேன்:
'கடைசி வரி கல்தச்சருக்கு. அவளுக்கு இல்லை.'

கிளாரா குனிந்து படித்தாள்.
செம்பனைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது,
பன்னிரண்டாம் எண்ணில் இன்னும் பாசிகூட எடுக்கவில்லை.
"பேனாவில் எழுதுங்கள்" என்றாள்.